'ஆன் வித் அன் ஈ': நாவல் சொல்லாமல் விட்டதைத் தொடர் சொல்லலாமா?

பனிக்கால வாசகி எழுதியது:

எல். எம். மான்ட்கோமரியின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' (1908) நாவலைத் தழுவி மாய்ரா வாலி-பெக்கெட் உருவாக்கிய இத்தொடரின் மூன்று சீசன்களையும், அதாவது 27 பகுதிகளையும், பார்த்து முடித்தவர்களுக்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆகவே கதையின் திருப்பங்களை மறைக்காமல் எழுதுகிறேன். இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இத்துடன் விலகிக்கொள்வது நல்லது.

தொடரைப் பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை "நாவலுக்கு உண்மையாக இருக்கிறதா, இல்லையா" என்பதிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. எனக்கு அந்தக் கேள்வி போதவில்லை. நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில், வண்டியில் போகும் வழியில், கிரீன் கேபிள்ஸ் பண்ணையில் அண்ணன் மேத்யூவோடு வாழும் மெரில்லா, அனாதைச் சிறுமி ஆனிடம் அவளுடைய பழைய வாழ்க்கையைப் பற்றி விசாரிக்கிறாள். தாமஸ் வீடு, ஹேமண்ட் வீடு, மூன்று முறை பிறந்த இரட்டைக் குழந்தைகள், பிறகு அனாதை இல்லம் என்று ஆன் மளமளவென்று சொல்லிக்கொண்டே வருகிறாள். அந்தப் பெண்கள் உன்னை நன்றாக நடத்தினார்களா என்று மெரில்லா கேட்டவுடன் மட்டும் அவள் முகம் சிவக்கிறது, பேச்சு தடுமாறுகிறது. அவர்கள் நல்லபடியாக நடத்தத்தான் நினைத்தார்கள் என்று சமாளிக்கிறாள். மெரில்லா வரிகளுக்கு இடையே இருப்பதைப் படித்துக்கொண்டு, அதற்குமேல் எதையும் கேட்பதில்லை. மான்ட்கோமரியும் அதற்குமேல் எதையும் சொல்வதில்லை.

அந்த இடைவெளிக்குள் நுழைந்துதான் தொடர் தன் வீட்டைக் கட்டியிருக்கிறது. அடி, பசி, அனாதை இல்லத்தில் மற்ற சிறுமிகள் செய்த கொடுமை ஆகிய எல்லாம் ஆனின் நினைவில் திடீர் திடீரென்று வெட்டி வருகின்றன. ஆசிரியர் மௌனம் காத்த இடத்தில் தழுவலாளர் பேசுவது நியாயமா என்பதே என் கேள்வி.


மூலநூல் காவலன் எழுதியது:

நியாயமில்லை என்பதே என் கருத்து. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆன் ஓயாமல் பேசுகிற பெண். அந்தப் பேச்சுதான் அவளுடைய கவசம் என்பதை நாவலைப் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைகூட எப்படியோ உணர்ந்துகொள்கிறது. ஆனால் யாரும் அதைச் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்துவதில்லை. தொடரோ, அவள் ஏன் இவ்வளவு பேசுகிறாள், ஏன் கற்பனையில் மிதக்கிறாள் என்பதற்கெல்லாம் ஒரு காயத்தைக் கொண்டுவந்து காரணமாக நிறுத்துகிறது. அப்படி நிறுத்திய பிறகு அவளுடைய கற்பனை அவளுடைய திறமையாக இல்லாமல் நோயின் அறிகுறியாக மாறிவிடுகிறது. நாவலில் அவள் சாலைக்குப் பெயர் வைக்கிறாள், குளத்துக்குப் பெயர் வைக்கிறாள். அழகைக் கண்டவுடன் பெயர் சூட்டாமல் இருக்க முடியாத ஒரு மனம் அது. தொடரில் அதே பெயர்களைக் கேட்கும்போது, பாவம், தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றுகிறது.

இருள் மட்டும்தான் உண்மை, மகிழ்ச்சி என்பது மேல்பூச்சு என்று நம்புவது இன்றைய தொடர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. மேத்யூவைப் பாருங்கள். நாவலில், சேமிப்பு முழுவதையும் போட்டிருந்த வங்கி முறிந்துபோன செய்தியைத் தாங்கிய நாளிதழைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே விழுந்து இறக்கிறார். அது முப்பத்தேழாவது அத்தியாயம். அதற்குள் நாம் அவரோடு பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டோம். தொடரில் முதல் சீசனிலேயே கப்பல் மூழ்கி, பயிரெல்லாம் போய், மாரடைப்பு வந்து, பண்ணையைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் அவர் தன் உயிரையே விட நினைக்கிறார். பேசவே கூச்சப்படும் அந்த மனிதரை அந்த நிலையில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.


கரையோரக் காற்று எழுதியது:

காவலன் அவர்கள் சொல்வதில் மேத்யூ பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு பகுதிகளில் துயரங்களை அடுக்கியிருக்கும் வேகம் எனக்கும் உவப்பாக இல்லை. ஆனால் அவர் வாதத்தின் மற்ற பாதியை ஏற்க முடியவில்லை.

இருள் என்பது இன்றைய தொடர்களின் இறக்குமதி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சிறிய விவரத்தைக் கவனியுங்கள். முதல் சீசனின் பகுதித் தலைப்புகள் எல்லாம் சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' நாவலிலிருந்து எடுத்த சொற்றொடர்கள். அந்நாவல் வெளியான ஆண்டு 1847. அனாதைச் சிறுமி ஒருத்தியை உறவினர் வீட்டில் அறைக்குள் பூட்டி வைப்பதையும், விடுதிப் பள்ளியில் பட்டினி போடுவதையும், அவளுடைய தோழி அங்கேயே இறந்துபோவதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலே நேருக்கு நேராகச் சொல்லியிருக்கிறது. வாலி-பெக்கெட் ஆனை ஜேனின் தங்கையாகப் பார்க்கிறார், அவ்வளவுதான். இது புதிய கண்ணாடி அன்று. அந்தக் காலத்து அலமாரியிலிருந்தே எடுத்த கண்ணாடி.

இரண்டாம் சீசனின் தலைப்புகள் ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவலிலிருந்தும், மூன்றாவதன் தலைப்புகள் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலிலிருந்தும் வருகின்றன. ஓர் ஊர் முழுவதன் கதை, பிறகு தன்னை உண்டாக்கியவர்களைத் தேடும் ஒருவரின் கதை என்று ஒவ்வொரு சீசனும் அந்தந்த நூலின் நிழலில் நகர்வதைக் கவனித்தால், கண்டபடி சேர்த்த சோகங்கள் என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது.

இனி ஊதாக்கல் புரோச் விஷயத்துக்கு வருகிறேன். நாவலில் மெரில்லா அதைக் காணாமல் ஆன்தான் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, உண்மையைச் சொல்லும்வரை அறையை விட்டு வரக்கூடாது என்கிறாள். சுற்றுலாவுக்குப் போகும் ஆசையில் ஆன் பொய்யாக ஒப்புக்கொள்கிறாள். பிறகு புரோச் சால்வையில் சிக்கியிருந்தது தெரிகிறது. இனிமையான அத்தியாயம்தான். ஆனால் அனாதை இல்லத்திலிருந்து சற்று முன்புதான் வந்த ஒரு பெண்ணின் இடத்திலிருந்து யோசித்தால், திருட்டுப் பழி என்றால் சுற்றுலா ரத்து என்று மட்டுமா அவள் அஞ்சியிருப்பாள்? தொடரில் மெரில்லா அவளைத் திருப்பியே அனுப்பிவிடுகிறாள். உண்மை தெரிந்ததும் மேத்யூ தேடிக்கொண்டு ஓடுகிறார். ரயில் நிலையத்தில், போக இடமில்லாமல், வழிப்போக்கர்களுக்குக் கவிதை ஒப்பித்துக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் ஆனை அவர் கண்டுபிடிக்கிறார். அவள் உடனே அவரிடம் ஓடி வருவதில்லை. கோபத்தோடு விலகி நிற்கிறாள். அருகிலிருக்கும் அந்நியரிடம் மேத்யூ, இவள் என் மகள் என்று சொன்ன பிறகே அவள் முகம் மாறுகிறது. ஆர். எச். தாம்சன் அந்தச் சொற்களை உரக்கச் சொல்லவில்லை, உருக்கமாகவும் சொல்லவில்லை. கேட்டவருக்குத் தகவல் தெரிவிப்பது போலச் சொல்கிறார். ஏமிபெத் மெக்நல்டியின் முகத்தில் முதலில் சந்தேகமும் அதற்குப் பின்னால்தான் மகிழ்ச்சியும் வருகின்றன. நாவலில் இல்லாத காட்சி இது. இருந்தும், நாவலின் மேத்யூ இதைத்தான் செய்திருப்பார் என்று எனக்கு ஐயமில்லை.


இரவுக்காட்சி எழுதியது:

தலைப்புப் பாடலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 1890களின் கதைக்கு டிராஜிக்லி ஹிப் குழுவின் ராக் பாடலைப் போட்டிருக்கிறார்கள். இது அந்தக் காலத்தைப் படமெடுத்த தொடர் இல்லை, அந்தக் காலத்தை இங்கிருந்து திரும்பிப் பார்க்கும் தொடர் என்று முதல் நிமிடத்திலேயே அறிவித்துவிடுகிறார்கள். அதன் பிறகும் வியப்படைகிறவர்களைக் கண்டுதான் எனக்கு வியப்பு.


மூலநூல் காவலன் எழுதியது:

கரையோரக் காற்று அவர்களின் 'ஜேன் ஐர்' வாதம் கூர்மையானது. ஆனால் அது எனக்கே சாதகமாகத் திரும்புகிறது. கொடுமையை நேரடியாகச் சொல்லும் மரபு இருப்பதைத் தெரிந்திருந்தும் மான்ட்கோமரி அந்த வழியில் போகவில்லை. அது அறியாமையால் விட்டது அன்று, தேர்ந்து விட்டது. அவருக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே தாய் இறந்துவிட்டார்; தந்தை மேற்குப் பகுதிக்குப் போய்விட, கேவண்டிஷில் தாத்தா பாட்டியின் கண்டிப்பில் வளர்ந்தவர் அவர். இருளைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1985 முதல் வெளிவந்த அவருடைய நாட்குறிப்புகளைப் படித்தவர்களுக்கு அது தெரியும். அப்படிப்பட்ட ஒருவர், ஒரு கேள்விக்கு முகம் சிவக்கும் ஒரு சிறுமியை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தால், அந்த நகர்வுக்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

பொறுமையாகவும் தழுவ முடியும் என்பதற்கு ஜப்பானியர்களின் சான்று இருக்கிறது. 1979இல் இசாவோ தகஹாதா இயக்கிய அசைபடத் தொடர் இந்த ஒரே நாவலுக்கு 50 பகுதிகளைக் கொடுத்தது. அதில் ஆன் பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள், எந்தக் காட்சிக்கும் அவசரமில்லை. அதைப் பார்த்துச் சலித்ததாக யாராவது சொன்னால் நம்புவேன். ஆனால் அது ஆன் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. மெரில்லாவுக்கும் ஜான் பிளைத்துக்கும் இருந்த பழைய உறவைத் தொடர் எப்படி மாற்றியிருக்கிறது என்று பாருங்கள். நாவலில் அது ஒரு சண்டையால் முறிந்தது. ஜான் மன்னிப்புக் கேட்டான், மெரில்லா வீம்பாக இருந்துவிட்டாள், பிறகு வருந்தினாள். இதைக் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அவள் ஆனிடம் சொல்லும்போதுதான், ஆன் இத்தனை ஆண்டுகளாக ஜானின் மகன் கில்பர்ட்டிடம் செய்துகொண்டிருப்பதும் அதே வீம்புதான் என்று நமக்கு உறைக்கிறது. தொடரில் மெரில்லா வீட்டுக் கடமைக்காக விட்டுக்கொடுத்தவளாகிவிடுகிறாள்: மூத்த சகோதரன் இறந்ததால் குடும்பப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது, ஜான் அழைத்தும் போக முடியவில்லை. பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது, உண்மை. ஆனால் தன் பிழையால் இழந்தவள் சூழ்நிலையால் இழந்தவளாக மாறும்போது அவளுடைய பாத்திரம் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. இடைவெளியை நிரப்புகிறோம் என்று சொல்கிறார்கள்; இங்கே இருந்ததையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறார்கள்.


பனிக்கால வாசகி எழுதியது:

ஜான் பிளைத் பற்றிய இந்தக் கருத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. தொடரின் ஆதரவாளர்கள் யாரும் இதைத் தொட்டுப் பேசி நான் கேட்டதும் இல்லை. ஆனால் மெரில்லாவாக நடித்த ஜெரால்டின் ஜேம்ஸின் நடிப்பில் அந்த வீம்பு இன்னும் மிச்சமிருக்கிறது என்று சொல்வேன். ஜானின் அடக்கத்துக்குப் பின் அவள் கில்பர்ட்டிடம் பேசும்போது, பரிதாபத்தை வாங்கிக்கொள்ளத் தெரியாத ஒரு முதுகு தெரிகிறது பாருங்கள். எழுதியவர் எடுத்துவிட்டதை நடித்தவர் திரும்ப வைத்துவிட்டார்.


பழைய வரைபடம் எழுதியது:

இலக்கியப் பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர் புதிதாகச் சேர்த்த மனிதர்களைப் பற்றி, வரலாறு படிக்கிறவன் என்ற முறையில், சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

டிரினிடாட்டிலிருந்து வரும் பாஷ் என்ற கறுப்பினப் பாத்திரத்தை, பன்முகத்தன்மைக்காகத் திணித்தது என்று பலர் ஒதுக்குகிறார்கள். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கறுப்பின மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே இருந்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று 1781இல் அந்தத் தீவின் சட்டமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. பிரிட்டனுக்கு விசுவாசமாக இருந்து அமெரிக்காவை விட்டு வெளியேறியவர்கள் தங்கள் அடிமைகளையும் கூட்டி வந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் சார்லட்டவுனில் 'பாக்' என்று அழைக்கப்பட்ட தாழ்வான பகுதியில் வாழ்ந்தார்கள். தொடரில் பின்னர் பாஷை மணக்கும் மேரி சலவை வேலை செய்யும் அந்த இடம் கற்பனை அன்று. நாவலில் அவர்கள் இல்லை என்பதால் தீவிலும் அவர்கள் இல்லை என்றாகிவிடாது. மான்ட்கோமரியின் ஏவன்லீ கிராமத்து ஜன்னலிலிருந்து அந்தத் தெரு தெரியவில்லை, அவ்வளவே.

இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூன்றாம் சீசனில் தொடர் இடறுகிறது. மிக்மாக் பழங்குடிச் சிறுமி கக்வெட் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே அவளுடைய முடியை வெட்டுகிறார்கள், பெயரை மாற்றுகிறார்கள், மொழியைப் பறிக்கிறார்கள். கனடாவின் கடலோர மாகாணங்களில் அத்தகைய உறைவிடப் பள்ளி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நோவா ஸ்கோஷியாவின் ஷூபெனகாடி பள்ளி. அது திறக்கப்பட்டதே 1930இல்தான். தொடரின் காலத்துக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். நாட்டின் மேற்குப் பகுதியில் அப்போதே அப்படிப்பட்ட பள்ளிகள் இயங்கின என்பதும், நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பழங்குடிப் பிள்ளைகள் அவற்றில் அடைக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் பணியை முடித்து 2015இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. அதற்கு இரண்டே ஆண்டுகளில் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. எந்தச் சூழலில் இந்தக் கதைக்கிளை பிறந்தது என்பது புரிகிறது. ஆனாலும் காலத்தை முன்னே இழுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்வையாளர் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.


கரையோரக் காற்று எழுதியது:

பழைய வரைபடம் அவர்களுக்கு நன்றி. 1930 என்ற ஆண்டு எனக்குப் புதிய செய்தி. இருந்தாலும் கக்வெட்டின் கதை எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் வேறு. பள்ளி என்றாலே விடுதலை என்று நம்புகிறவள் ஆன். அவளைக் காப்பாற்றியது படிப்பு. அதனால் கக்வெட் பள்ளிக்குப் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் அவள் துள்ளிக் குதிக்கிறாள். நாவலில் ஆனின் ஆர்வக்கோளாறு எதிலே போய் முடிகிறது? தோழி டயானாவுக்கு ராஸ்பெரி பானம் என்று நினைத்து ஒயினைக் கொடுப்பதிலும், தலைமுடி பச்சையாவதிலும். எல்லாமே சரிசெய்துகொள்ளக்கூடிய பிழைகள். தொடரில் முதல் முறையாக அவளுடைய நல்லெண்ணம் சரிசெய்யவே முடியாத ஓர் இடத்தில் போய் முட்டுகிறது. அவளும் மேத்யூவும் கக்வெட்டின் பெற்றோரோடு அந்தப் பள்ளி வாசல்வரை போகிறார்கள், விரட்டப்படுகிறார்கள். ஆனின் சொல்வன்மை அங்கே செல்லுபடியாகவில்லை. அண்டைவீட்டு லிண்ட் அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு அவரையே உருக வைத்த அதே நாக்கு!


கறாரான விமர்சகர் எழுதியது:

எல்லோரும் தொடரின் உயர்ந்த இடங்களையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் எவ்வளவு பதர் இருக்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் தங்கம் கிடைக்கிறது என்று சொல்லி ஊரையே ஏமாற்றும் இரண்டு மோசடிக்காரர்கள் கிரீன் கேபிள்ஸில் வாடகைக்குத் தங்குகிறார்களே, அந்தக் கதை எதற்காக? ஆனைப் பற்றியோ மெரில்லாவைப் பற்றியோ அது புதிதாக எதையும் சொல்லவில்லை. முந்தைய சீசனைப் பரபரப்பாக முடிக்க ஒரு கொக்கி தேவைப்பட்டது. கொக்கியில் மாட்டியதைப் பிறகு எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. வாலி-பெக்கெட் முன்பு 'பிரேக்கிங் பேட்' தொடருக்கு எழுதியவர், அதன் ஒரு பகுதிக்காக எம்மி விருதும் வாங்கியவர். அந்தக் கைப்பழக்கம் இங்கே பொருந்தாத இடத்தில் தலைகாட்டுகிறது.

மூன்றாம் சீசனில் பேச்சுரிமைப் போராட்டம். பில்லி ஆண்ட்ரூஸ் ஆனின் சக மாணவி ஜோசி பையின் பெயரைக் கெடுக்கிறான். ஆன் ஜோசியின் சம்மதம் கேட்காமலே பள்ளி இதழில் அதைக் கட்டுரையாக்கிவிடுகிறாள். இதுவரை மிக அருமை. நீதி கேட்கப் போய், யாருக்காகக் கேட்கிறாளோ அவளையே சந்தியில் நிறுத்திவிடுகிறாள். ஆனின் இயல்பிலிருந்தே பிறந்த பிழை இது, ஜோசியின் கோபமும் நியாயமானது. இதை இன்னும் தோண்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பள்ளி நிர்வாகம் தடை போடுகிறது, மாணவர்கள் பேச்சுரிமை மனித உரிமை என்று எழுதிய பதாகையோடு வந்து நிற்கிறார்கள், பிறகு பள்ளிக்கூடமே எரிந்துபோகிறது. ஜோசி மெல்ல மெல்லக் காணாமல் போய்விடுகிறாள். ஒரு பெண்ணின் மனக்காயத்தில் தொடங்கிய கதை, நம் கைதட்டலுக்காக ஏற்பாடு செய்த ஓர் ஊர்வலத்தில் முடிகிறது. வில்லன்களும் அப்படித்தான்: பில்லி எப்போதும் கெட்டவன், பாதிரியார் எப்போதும் பிற்போக்கு. மான்ட்கோமரியின் லிண்ட் அம்மாளிடம் ஒரே நேரத்தில் வம்பும் அன்பும் இருந்தன. அந்தக் கலவையைத் தொடரின் புதிய பாத்திரங்களில் பாஷிடம் மட்டும்தான் காண்கிறேன்.

ஆசிரியை மிஸ் ஸ்டேசி மோட்டார் வண்டியில் கால்சட்டை அணிந்து வந்து இறங்குவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.


மூலநூல் காவலன் எழுதியது:

விமர்சகர் அவர்களோடு கைகுலுக்குகிறேன். ஆனால் ஒரு வேறுபாடு. நீங்கள் ஜோசி விஷயத்தில் பாதியை ஏற்றுக்கொண்டதைப் பார்க்கும்போது, என் அளவுகோலையும் சற்றே நுட்பமாக வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. நாவலுக்குள்ளிருந்து முளைக்கும் சேர்க்கைகள் உண்டு, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவையும் உண்டு. ஜோசஃபின் பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் அவர் திருமணமாகாத, செல்வமும் கூர்நாக்கும் கொண்ட முதிய பெண்மணி, அவ்வளவே தெரியும். தொடர் அவருக்கு கெர்ட்ரூட் என்ற வாழ்க்கைத் துணையைக் கொடுக்கிறது. நானே எதிர்பார்க்காத வகையில் அது பொருந்துகிறது. அந்த மூதாட்டிக்கு ஏன் ஆன் போன்ற ஒரு விசித்திரப் பெண்ணை முதல் பார்வையிலேயே பிடித்துப்போனது என்பதற்கு இது விடையாகிறது. தங்க மோசடிக்கு அப்படி ஒரு வேர் நாவலில் எங்கே இருக்கிறது?


சிவப்புப் பின்னல் எழுதியது:

இவ்வளவு பேசியும் கில்பர்ட்டைப் பற்றி ஒரு வரிதான் வந்திருக்கிறது என்பதால் புதியவளான நான் துணிந்து எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் பலர் நாவலைத் தொடாமல் தொடரைப் பார்த்துவிட்டு, பிறகுதான் நாவலுக்குப் போனவர்கள். அப்படிப் போனபோது எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி, நாவலில் கில்பர்ட் எவ்வளவு குறைவாக வருகிறான் என்பதே. 'கேரட்' என்று கேலி செய்கிறான், அவன் தலையில் அவளுடைய சிலேட்டு உடைகிறது, பிறகு ஆண்டுக்கணக்கில் அவள் அவனோடு பேசுவதே இல்லை. குளத்தில் மூழ்கவிருந்தவளைத் தூக்கிவிட்ட பிறகும் நட்பை மறுத்துவிடுகிறாள்.

தொடரில் அவனுக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. தந்தையை முதல் சீசனிலேயே இழக்கிறான், நீராவிக் கப்பலில் கரி அள்ளுகிறான், பாஷை நண்பனாக்கித் தன் பண்ணைக்கே கூட்டி வந்து பங்காளியாக்குகிறான். இருவருமே பெற்றோரை இழந்தவர்கள் என்பதால் அவனும் ஆனும் பேசிக்கொள்ள ஒரு பொருள் கிடைக்கிறது. காவலன் ஐயா, நீங்கள் வீம்பு, வீம்பு என்கிறீர்கள். எனக்கு நாவலில் அந்த வீம்பு பிடித்திருந்தது. ஆனால் காதல் நாவலில் எங்கே வருகிறது என்று தேட வேண்டியிருந்தது. அது அடுத்த நூல்களுக்குச் சேமித்து வைத்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஒரு சந்தேகம்: 1985இல் கெவின் சல்லிவன் எடுத்து மேகன் ஃபாலோஸ் நடித்த குறுந்தொடரை எல்லோரும் உண்மையான தழுவல் என்று கொண்டாடுகிறார்களே, அது அவ்வளவு விசுவாசமானதா?


பழைய வரைபடம் எழுதியது:

முதல் குறுந்தொடர் பெரும்பாலும் விசுவாசமானதே. ஆனால் அதே தயாரிப்பாளர் 2000இல் எடுத்த மூன்றாம் பாகம் ஆனையும் கில்பர்ட்டையும் முதல் உலகப் போர்க்காலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. நூல் வரிசையில் அந்தப் போருக்குப் போகிறவர்கள் ஆனின் மகன்கள். 1921இல் வெளியான 'ரில்லா ஆஃப் இங்கிள்சைட்' அந்தக் கதைதான். ஒரு தலைமுறையையே தள்ளிப்போட்டவர்களை மன்னித்துவிட்டு, ஒரு சலவைக்காரப் பெண்ணைச் சேர்த்தவர்களை மட்டும் மன்னிக்காமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.


கறாரான விமர்சகர் எழுதியது:

2000ஆம் ஆண்டுப் பாகத்தை நானும் மன்னிக்கவில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள்.


பனிக்கால வாசகி எழுதியது:

தொடர் நின்றுபோன விதத்தையும் சேர்த்துக்கொண்டால்தான் மதிப்பீடு முழுமையாகும் என்று நினைக்கிறேன். மூன்றாம் சீசனின் கடைசிப் பகுதி கனடாவில் 2019 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பானது. மறுநாளே கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியும் நெட்ஃபிளிக்ஸும் இதோடு முடிந்தது என்று அறிவித்துவிட்டன. உள்நாட்டுத் துறையை நெட்ஃபிளிக்ஸ் கூட்டணிகள் பலவீனப்படுத்தும் என்ற நிலைப்பாட்டை அதற்கு முந்தைய மாதம்தான் சிபிசியின் தலைமை வெளிப்படையாகக் கூறியிருந்தது. அதற்குச் சற்று முன்புவரை, 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், கனடியத் திரை விருதுகளில் சிறந்த நாடகத் தொடருக்கான பரிசை இதுவே பெற்றிருந்தது. ரசிகர்கள் டொராண்டோவிலும் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்திலும் விளம்பரப் பலகைகள் வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள், பலனில்லை.

விளைவு: ஆனுக்குத் தன் பெற்றோர் யார் என்று தெரிந்துவிடுகிறது, கில்பர்ட் வந்து சேர்ந்துவிடுகிறான். கக்வெட்டோ அந்தப் பள்ளிக்குள்ளேயே இருக்கிறாள். அவளுடைய பெற்றோர் வெளியே கூடாரம் போட்டுக் காத்திருக்கும் காட்சியோடு அவர்கள் கதை அறுந்துவிடுகிறது. இது உண்மைக்கு நெருக்கமானது என்று சிலர் இதைப் புகழ்கிறார்கள். என்னால் முடியவில்லை. திட்டமிட்டு அப்படி முடித்திருந்தால் அது வேறு. இங்கே ஒப்பந்தம் முறிந்ததால் ஒரு சிறுமி நடுவழியில் விடப்பட்டிருக்கிறாள். வெள்ளைக்காரப் பெண்ணின் கதைக்கு முடிவு கிடைத்தது, பழங்குடிப் பெண்ணின் கதைக்குக் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு, எண்ணம் எதுவாக இருந்தாலும், தொடரால் பதில் சொல்ல இயலாது.


மூலநூல் காவலன் எழுதியது:

இந்த அறிவிப்பின் இன்னொரு விளைவையும் சொல்லிவிடுகிறேன். மேத்யூ சாகவில்லை. இழையின் தொடக்கத்தில் முதல் சீசனில் அவரைப் படுத்திய பாட்டைக் குறை சொன்னேன். ஆனாலும் கடைசியில் அவர் உயிரோடு இருப்பது எனக்கு நிம்மதியைத் தரவில்லை. நாவலில் அவருடைய மரணம்தான் ஆனை வளர்ந்தவளாக்குகிறது. அதன் பிறகே அவள் தனக்குக் கிடைத்த கல்லூரி உதவித்தொகையை விட்டுவிட்டுக் கண்பார்வை மங்கிவரும் மெரில்லாவோடு தங்குகிறாள். கில்பர்ட் தனக்குக் கிடைத்த ஏவன்லீ பள்ளி வேலையை அவளுக்காக விட்டுக்கொடுக்கிறான். ஐந்தாண்டுப் பகை அங்கேதான் தீர்கிறது. அந்த ஒரு சாவை நீக்கினால் முடிவின் மூன்று முடிச்சுகளும் அவிழ்ந்துவிடுகின்றன. இத்தனை துயரத்தைக் காட்டத் தயங்காத தொடர், நாவலில் உள்ளபடியே இருந்த ஒரே பெரிய துயரத்தை மட்டும் காட்டவில்லை.


சிவப்புப் பின்னல் எழுதியது:

நான்காம் சீசன் வந்திருந்தால் காட்டியிருப்பார்களோ?


மூலநூல் காவலன் எழுதியது:

காட்டியிருக்கலாம். தாம்சன் போன்ற நடிகர் கையில் அந்த வாசற்படிக் காட்சி எப்படி வந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க என்னாலும் முடியவில்லை. நாவலை மீண்டும் எடுக்கிறீர்கள் என்றால் ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள், தங்கையே. தொடரின் முதல் பகுதியைப் பார்த்த கையோடு படித்தால், இங்கே நாங்கள் எதற்காக இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினோம் என்பது விளங்கும். நீங்கள் யார் பக்கம் சாய்கிறீர்கள் என்பதையும் வந்து எழுதுங்கள்.